சண்டை போட ஒரு மொழி

எங்கள் உறவில் ஒரு பெண் மாண்டரின், அதாவது பொதுச் சீன மொழி படிக்க, தைவான் தலைநகர் தைபேக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். சென்னையில் இருக்கும் தைபே பொருளாதார, பண்பாட்டு மையம் வழியாக விண்ணப்பித்து, மொழி படிப்பதற்கான உதவித்தொகையும் வாங்கிவிட்டாள். நானும் அதே வழியில் 2018இல் போனவன் என்பதால் போனில் பேசச் சொன்னார்கள். பேசினேன். மழைக்கோட்டு, ஊறுகாய், வங்கிக் கணக்கு என்று எல்லாம் முடிந்த பிறகு அவள் சொன்னாள்: "அங்கே போய் கிளாஸ்ல இருக்கிற ஃபாரினர்ஸோட சுத்தக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க அண்ணா. லோக்கல் ஆளுங்களோட பழகினாத்தான் மொழி வருமாமே." நான் ம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எரிச்சல் வந்தது. நான் கிளம்பும்போதும் இதையேதான் சொன்னார்கள். யூடியூபில் இதையே சொல்கிறார்கள். என் முதல் ஆசிரியையும் முதல் நாளே இதைத்தான் சொன்னார். கேட்க நியாயமாக இருக்கிறது. என் அனுபவத்தில் மட்டும் அது பொருந்தவே இல்லை.

உள்ளூர்க்காரர்கள் பேச மாட்டார்கள் என்பதல்ல. தைபேக்காரர்களைப் போல அன்பானவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வழி கேட்டால் கூடவே நடந்து வந்து விடுவார்கள். சிக்கலே அந்த அன்பில்தான் இருந்தது. வணக்கம் என்று ஒரு சொல் சொன்னாலே போதும், "உங்கள் சீனம் ரொம்ப நன்றாக இருக்கிறதே!" என்று பாராட்டிவிடுவார்கள். பாராட்டு வந்த இடத்தில் பேச்சு முடிந்துவிடும். நீங்கள் நன்றி சொல்ல வேண்டும், அவர் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது வாக்கியத்தில் தடுமாறினால் உடனே ஆங்கிலத்துக்கு மாறி உங்களைக் காப்பாற்றுவார்கள். நான் காப்பாற்றப்படவா அவ்வளவு தூரம் போனேன்?

தெருமுனைக் காலை உணவுக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையை மெல்லிய மாவோடு சேர்த்துச் சுட்டுச் சுருட்டித் தரும் தான்பிங், சூடான சோயாப் பால். முதல் வாரம் அங்கே நின்று ஆர்டர் சொல்வதற்குள் வேர்த்துவிடும். காரம் வேண்டுமா, இங்கேயா பார்சலா, பாலில் சர்க்கரை போடவா என்று வரிசையாகக் கேட்பார் அந்த அம்மா. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் தயாரித்துக்கொண்டு போவேன். ஒரு மாதத்தில் அவருக்கு என் முகமும் என் தான்பிங்கும் பழகிவிட்டன. நான் கதவருகே வரும்போதே அடுப்பில் மாவு விழுந்துவிடும். "அதேதானே?" என்பார். "அதேதான்." ஊரில் ஒருவனாக ஆக ஆக, நான் பேசும் சொற்கள் குறைந்துகொண்டே போயின.

குப்பை வண்டியும் அப்படித்தான். தைபேயில் குப்பையைத் தெருவில் வைக்கக் கூடாது. மாலையில் பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' மெட்டை ஒலித்தபடி மஞ்சள் லாரி வரும்போது, நகராட்சியின் நீலப் பையோடு ஓடிப்போய் நாமே அதில் எறிய வேண்டும். முழுத் தெருவும் கீழே இறங்கி நிற்கும். பேசுவதற்கு இதைவிட நல்ல இடம் எது என்று நினைத்து, போகும்போதே வாக்கியங்களைக் கோத்துக்கொண்டு போவேன். லாரி வரும், எறிவோம், தலையசைப்போம், கலைந்துவிடுவோம்.

அப்புறம் 'மொழிப் பரிமாற்றம்'. நீ எனக்கு ஆங்கிலம், நான் உனக்குச் சீனம், காபிக் கடையில் அரை மணி அரை மணி. நான் சந்தித்த ஒருவர் போனில் அலாரம் வைத்துவிட்டுத்தான் உட்காருவார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் வாழ்க்கையில் ஒரு நல்ல கதையைச் சொல்ல ஆரம்பித்து, தாத்தா ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் ரயில்வேயில் வேலை பார்த்தது வரை வந்தபோது அலாரம் அடித்தது. மீதிக் கதையை ஆங்கிலத்தில் சொன்னார். சுவாரசியமே போய்விட்டது.

நாலு அரைகுறைகள்

என் வகுப்பு சின்னது. ஊரில் பெயர்போனது 1956இல் தொடங்கிய ஷிடா பல்கலைக்கழக மொழி மையம். நான் படித்தது வேறொரு பல்கலைக்கழகத்தின் சிறிய மையம். அதில் நாலு பேர் ஒட்டிக்கொண்டோம். ஹனோயிலிருந்து வந்த பெண், இந்தோனேசியாவின் மேடான் நகரத்துப் பையன், வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஆசைக்காகப் படிக்க வந்த ஜப்பானியப் பெரியவர், நான். நாலு பேருக்கும் பொதுவாக இருந்த ஒரே மொழி, எங்களில் யாருக்கும் சரியாக வராத மாண்டரின். பெரியவருக்கு ஆங்கிலம் அறவே வராது. அவர் ஒருவரால் நாங்கள் பிழைத்தோம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் மற்ற மூவரும் இரண்டாம் நாளே ஆங்கிலத்துக்குத் தாவியிருப்போம்.

இந்த அரைகுறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் அரைகுறை. ஜப்பானியப் பெரியவர் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் பொருள் சொல்லிவிடுவார், ஏனென்றால் சீன எழுத்து அவர் ஊரிலும் இருக்கிறது. ஆனால் வாயைத் திறந்தால் யாருக்கும் புரியாது. மேடான் பையன் சீன வம்சாவளி. வீட்டில் ஹோக்கியென் என்ற தென்சீன மொழி பேசுவார்கள், அது தைவானியர்கள் பேசும் ஹோக்கியெனுக்கு நெருங்கிய உறவு. அதனால் சந்தைக் கிழவிகளிடம் அரட்டை அடிப்பான். ஆனால் எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் வந்தவன். சுகார்த்தோ ஆட்சியில் அங்கே சீனப் பள்ளிகளை மூடி, பொது இடத்தில் சீன எழுத்தையே தடை செய்திருந்தார்கள். தடை நீங்கியது 2000 வாக்கில்தான். அவன் அப்பா அம்மாவுக்கே எழுத்து தெரியாதபோது அவனுக்கு யார் சொல்லித்தந்திருப்பார்கள்? ஹனோய்ப் பெண்ணுக்குத் தொனிகள், அதாவது சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரல் ஏற்ற இறக்கங்கள், பிறவியிலேயே உண்டு. ஆறு தொனி உள்ள மொழியிலிருந்து நாலு தொனி உள்ள மொழிக்கு வந்தவளுக்கு அது இறங்குபடி. நான் மா, மா, மா, மா என்று வகுப்பில் திணறும்போது அவள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பாள்.

என் பங்குக்கு எனக்கு வந்தது நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகள். ழகரமும் டகரமும் வளர்த்த நாக்கு. தைவானியர்களே அந்த ஒலிகளைச் சோம்பலாக ஸகரத்தோடு கலந்துவிடுவார்கள் என்பதால் அதற்குச் சந்தை மதிப்பு இல்லை என்பது வேறு விஷயம். எனக்கு வராதது மூச்சு. மாண்டரினில் மூச்சோடு சொல்லும் பகரம் ஒன்று, மூச்சில்லாத பகரம் வேறு. தமிழில் நாம் அந்த மூச்சைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஆசிரியை என் உதட்டுக்கு முன்னால் டிஷ்யூ தாளைப் பிடித்து, அது ஆடுகிறதா என்று பார்ப்பார். ஆடாது. ஆடக்கூடாத இடத்தில் ஆடும்.

இந்த நாலு பேரும் சேர்ந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போவதைக் கற்பனை செய்து பாருங்கள். நான் சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். தைவானில் சைவத்துக்குக் குறைவில்லை, பௌத்தர்கள் நடத்தும் கடைகளில் வெங்காயம் பூண்டுகூட இருக்காது. ஆனால் மலைப்பக்கச் சின்ன ஊர்களில் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பெரியவர் மெனுவைப் படித்து இது காளான், இது பன்றி என்று விரல் வைப்பார். மேடான் பையன் சமையல்கார அம்மாவிடம் ஹோக்கியெனில் பேச்சுக் கொடுத்து, குழம்பில் எலும்புச் சாறு ஊற்றியிருக்கிறதா என்று விசாரிப்பான். அவன் கேட்டு வந்ததை மாண்டரினில் எங்களுக்குச் சொல்வான். ஹனோய்ப் பெண் அவன் தொனியைத் திருத்துவாள். நான் முடிவு செய்வேன். ஒரு நூடுல்ஸ் வருவதற்குள் நாங்கள் பேசியிருக்கும் மாண்டரின், என் மொழிப் பரிமாற்ற நண்பரின் இரண்டு அலாரத்துக்குச் சமம்.

இதில் ஒரு வேடிக்கை, உதவித்தொகை விதி. வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் வகுப்பில் இருக்க வேண்டும், ஊர் சுற்றுவதும் இடங்களைப் பார்வையிடுவதும் அந்தக் கணக்கில் சேராது. அப்போது மாதம் 25,000 தைவான் டாலர் கொடுத்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், தப்பில்லை. ஆனாலும் சேராத மணிகளில்தான் நாங்கள் வாயைத் திறந்தோம்.

ஸ்டேஷன் தரையில் ஒரு ஞாயிறு

தைபே மெயின் ஸ்டேஷனின் நடுக்கூடத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பெரிய தரை உண்டு. நாற்காலி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அங்கே இந்தோனேசியப் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டும் முடி பின்னிக்கொண்டும் இருப்பார்கள். பெரும்பாலும் வீடுகளில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவர்கள். 2020இல் கொரோனாவைச் சாக்கிட்டு அங்கே உட்காருவதையே நிரந்தரமாகத் தடுக்கப் பார்த்தார்கள். பெரிய எதிர்ப்பு வந்து, கைவிட்டார்கள். நான் இருந்தபோது அந்தத் தொல்லை இல்லை. மேடான் பையன் எங்களை அங்கே கூட்டிப்போய், புளிக்கவைத்த சோயாவில் செய்யும் தேம்பே வறுவல் கொண்டுவந்திருந்த ஒரு அக்காவின் வட்டத்தில் உட்கார வைத்தான்.

அந்த அக்கா ஜாவாக்காரர். எந்த வகுப்புக்கும் போனதில்லை. எங்கள் நால்வரையும் சேர்த்து வைத்தாலும் அவர் மாண்டரினுக்கு ஈடாகாது. கூடவே ஹோக்கியெனும் சரளம், மேடான் பையனே அசந்துபோனான். எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டேன். தான் பார்த்துக்கொள்ளும் பாட்டியோடு தினமும் சண்டை என்றார். பாட்டிக்கு உப்பு ஆகாது, உப்பு கேட்பாராம். மாத்திரை வேண்டாம் என்பாராம். நடக்கச் சொன்னால் கால் வலி என்பாராம். "திட்டிக்கொண்டே இருப்பார், நானும் திட்டுவேன். அப்புறம் சேர்ந்து டிவி பார்ப்போம்." சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். நானும் அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஷிஃபென்

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை பிங்ஷி ரயில் பாதைக்குப் போனோம். 1921இல் நிலக்கரி ஏற்றுவதற்காகப் போட்ட பாதை, மொத்தமே 13 கிலோமீட்டர்கூட இல்லை. சுரங்கங்கள் மூடிவிட்டன, ரயில் மட்டும் அப்போது சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு மணிக்கொன்றாக ஓடிக்கொண்டிருந்தது. முதலில் ஹோதோங், பூனைகள் நிறைந்த பழைய சுரங்க ஊர். அங்கே ஜப்பானியப் பெரியவர் பூனைகளோடு ஜப்பானிய மொழியில் பேசினார், அவையாவது புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். மழை தூறிக்கொண்டே இருந்தது. நம் சென்னைக்கு ஐப்பசி கார்த்திகையில் வரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று, அந்தப் பக்கம் குளிர்காலம் முழுக்க நிற்காத தூறலாக விழும். ஷூ காயவே காயாது.

அப்புறம் ஷிஃபென். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் கடைகள். மக்கள் தண்டவாளத்தின் மேலேயே நின்று காகித விளக்கு விடுவார்கள். ஆளுயர விளக்கின் நாலு பக்கத்திலும் தூரிகையால் வேண்டுதலை எழுதி, அடியில் நெருப்பு வைத்து விட்டால் சூடேறி மேலே போகும். ரயில் வந்தால் விசில் ஊதுவார்கள், எல்லோரும் ஒதுங்குவார்கள். போனதும் மறுபடி தண்டவாளம். ஹனோய்ப் பெண் சிவப்பு விளக்குக்கு ஆசைப்பட்டாள். சிவப்பு உடல்நலத்துக்கு, அவள் அம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை. நான் வேண்டாம் என்றேன். மேலே போனது எங்கேயாவது விழத்தானே வேண்டும். வரும் வழியில் ரயில் ஜன்னலிலிருந்தே பார்த்தேன், எரிந்து மிஞ்சிய கூடுகள் மரங்களில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தன.

சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. மலை குப்பையாகிறது என்றேன். நீ தினமும் நீலப் பையில் எறிவது எங்கே போகிறது என்றாள். அது எரிக்கப்படுகிறது என்றேன். அப்போது புகை யாருக்கு என்றாள். உன் அம்மாவுக்கு போன் செய், அது நல்லது, காகிதத்தில் எழுதி என்ன ஆகும் என்றேன். சொல்லக் கூடாததுதான், சொல்லிவிட்டேன். அதற்கு அவள் சொன்னாள்: "இந்த ஊரில் கரி முடிந்துவிட்டது. இந்தக் கடைக்கார அக்கா எதை விற்பது? உன் சுத்தமான மலையையா?" நான் ஏதோ சொல்ல, அவள் முடிப்பதற்குள் நான் குறுக்கிட, என் வாக்கியத்தை அவள் பிடுங்கி என் மேலேயே எறிய, விசில் ஊதியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நின்றோம். நடுவில் ரயில் போனது. அது நாங்கள் ஏற வேண்டிய ரயில். பெட்டிகள் கடந்ததும் எதிரே நின்றவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மேடான் பையன் பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பெரியவர் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் தலையாட்டினார், நான் பேசினாலும் ஆட்டினார், அவள் பேசினாலும் ஆட்டினார். அவள் கடைசியில் 150 டாலர் கொடுத்து விளக்கை வாங்கி, அவர்கள் இருவரையும் மூலைகளைப் பிடிக்கச் சொல்லி, விட்டாள். நான் பிடிக்கவில்லை. ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொண்டேன். விளக்கு விஷயத்தில் இன்றைக்கும் என் கட்சி அதுதான்.

ஆனால் அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஆத்திரம் அடங்கும்போது ஒன்று உறைத்தது. கால் மணி நேரத்துக்கு மேல் நான் மாண்டரினில் கத்தியிருக்கிறேன். ஒரு வாக்கியத்தைக்கூட முன்னால் தமிழிலோ ஆங்கிலத்திலோ தயாரிக்கவில்லை. டிஷ்யூ தாள் ஆடியதா என்று தெரியாது, கவலையும் படவில்லை. அவளும் என் தொனியைத் திருத்தவில்லை. வழக்கமாக நான் ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் நின்று திருத்துபவள், அன்று எல்லாவற்றையும் புரிந்துகொண்டு பதில் சொன்னாள், ஏனென்றால் பதில் சொல்வது அவளுக்கு அவசியமாக இருந்தது. ஜாவாக்கார அக்கா சொன்ன உப்பும் மாத்திரையும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

உள்ளூர்க்காரர்களிடம் நான் எப்போதும் விருந்தாளி. விருந்தாளியோடு யாரும் சண்டை போட மாட்டார்கள், விருந்தாளியும் போட மாட்டான். அவர்கள் ஊரில் நின்றுகொண்டு அவர்கள் விளக்கைக் குறை சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. சொல்லியிருந்தாலும் அவர்கள் சிரித்து, "உங்கள் சீனம் நன்றாக இருக்கிறது" என்று முடித்திருப்பார்கள். எங்கள் நாலு பேரில் யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை. அந்த மொழி எங்களில் யாருடைய சொத்தும் இல்லை, அதனால் யாரும் யாரிடமும் கூச்சப்பட வேண்டியிருக்கவில்லை. ஒருவர் பிழை மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளுமே என்பார்கள். ஒட்டிக்கொண்டதுதான். மேடான் பையனிடமிருந்து இந்தோனேசிய வாக்கிய அமைப்பு ஒன்று என்னிடம் ஒட்டிக்கொண்டு, அதை உரிக்க ஆசிரியை ஒரு பருவம் பாடுபட்டார். அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகிறது.

திங்கட்கிழமை வகுப்பில் ஆசிரியை வழக்கம்போல, வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் அதுவரை பேசிக்கொள்ளவில்லை. "இவனோடு சண்டை போட்டேன்" என்றாள் அவள், இலக்கணச் சுத்தமாக. ஆசிரியைக்குக் கண் பளபளத்தது. புத்தகத்தை மூடிவிட்டு, யார் முதலில் என்ன சொன்னது என்று ஆரம்பித்தார். மேடான் பையன் என் குரலிலேயே நடித்துக் காட்டினான். கோபத்தில் நான் எல்லாச் சொற்களையும் நான்காம் தொனியில் வெட்டி வெட்டிப் பேசினேனாம், மாண்டரினில் பொருளுக்குப் பொருள் மாறும் அளவைச் சொல் ஒன்று எண்ணோடு வரும், நானோ விளக்கு, மலை, ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவைச் சொல்லைப் போட்டேனாம். வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. "நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனாலும்" என்று தொடங்கும் வாக்கிய அமைப்பை நாங்கள் இரண்டு வாரம் முன்பே மனப்பாடம் செய்திருந்தோம். அன்றுதான் முதல் முறையாக ஒருவர் அதை வாயால் பயன்படுத்தினார், அதுவும் கொரிய மாணவர் ஒருவர், அவளுக்கு ஆதரவாக. மதியம் அவளே என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள். அடுத்த சனிக்கிழமை பேய்தோவுக்குப் போனோம், வெந்நீர் ஊற்றில் காலை வைத்துக்கொண்டு வேறு எதற்கோ சண்டை போட்டோம்.

பிறகு ஜனவரியில் என் அறையில் வெந்நீர் ஹீட்டர் கெட்டுப்போனது. வீட்டுக்காரர் நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். முன்பாக இருந்தால் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். அன்று மாடி ஏறிப் போய்க் கேட்டேன். வாடகை நாளை தருகிறேன் என்று நான் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா என்றேன். அவரும் குரலை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். மறுநாள் ஆள் வந்து சரி செய்தான். அந்தப் பேச்சு முழுவதிலும் அவர் ஒரு தடவைகூட என் சீனம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஊர் திரும்புவதற்கு முன் தைவானின் மொழித் தேர்வு எழுதினேன், பேச்சுத் தேர்வும் சேர்த்து. கணினிக்கு முன்னால் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், எதிரே ஆள் கிடையாது. சிற்றூர்களுக்குச் சுற்றுலா நல்லதா என்பது போல ஒரு கேள்வி வந்தது. என் கருத்தைத்தான் சொல்ல நினைத்தேன், மலை, குப்பை என்று. ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, தடையில்லாமல் வாயில் வந்ததெல்லாம் அவள் வாக்கியங்கள். இந்த ஊரில் கரி முடிந்துவிட்டது, கடைக்கார அக்கா எதை விற்பது என்று அவள் பக்கத்தையே முழுமூச்சாக வாதாடிவிட்டு வந்தேன். அவளிடம் சொன்னபோது, அந்த மதிப்பெண்ணில் பாதி தனக்கு வர வேண்டும் என்றாள். அதற்கும் கொஞ்ச நேரம் சண்டை போட்டோம்.